பாட்டு டீச்சர் வாயை மூடிய வருஷம்

நாற்பது வயதில் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி காலேஜுக்குக் கிளம்பினால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. பாட்டு டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இசை சிகிச்சையில் முதுகலை சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் தெருவே ஒருமுறை சிரித்து ஓய்ந்தது. "பாட்டுப் பாடி ஜுரத்தை இறக்கப் போறாங்களாம்" என்றார் மளிகைக்கடைக்காரர். "அப்ப தலைவலிக்கு எந்தப் பாட்டு, டீச்சர்?" என்று கேட்டாள் அவர் மனைவி.

டீச்சரின் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மைக் செட்காரர். கல்யாணம், கூட்டம், கடைத்திறப்பு என்று எங்கே சத்தம் வேண்டுமோ அங்கே போய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். "சத்தத்தால காது போறதை நான் பாத்திருக்கேன். சத்தத்தால ஆளு பொழைக்கும்னா அதையும்தான் பாத்துருவோமே" என்றார்.

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிடும். படுகிறபோது பட்டதென்னவோ நாய்படாத பாடு. காலம் போனபிறகு அதே பாடு இனிக்கிறது. இது என்ன நியாயமோ, நமக்குத் தெரியவில்லை.

கீழே கடை, மேலே வீடு. படியேறும்போதே சால்டரிங் புகை வாசனை கூடவே ஏறி வரும். மழை பெய்தால் ஸ்பீக்கர் பெட்டிகளையெல்லாம் கூடத்தில் அடுக்கிவிடுவார்கள். அதன்மேல் துணி காயும், அதன்மேலேயே புத்தகமும் காயும். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிப்பாள். மறுமுனையில் அம்மாக்காரி மூளையின் படத்தை வைத்துக்கொண்டு, எந்த மடிப்பு எதற்கு என்று உருப்போடுவாள். நடுவே மைக் செட்காரர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பார்.

"அம்மா, தாளத்தைப் பாத்துக்கற எடம் எது?" என்று மகள் கேள்வி கேட்பாள்.

"சிறுமூளை. அப்புறம்... இன்னொண்ணு இருக்கு. சொல்லாதே, சொல்லாதே."

"மார்க் போச்சு."

"போடீ. எங்க மேடம்கூட இவ்வளவு கெடுபிடி இல்ல."

கிதாரும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளியின் கட்டிலோரம் போகும்போது ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஐந்தில் வளையாதது நாற்பதில் எங்கே வளையப்போகிறது என்று விரல் நுனிகள் கொப்பளித்தன. மைக் செட்காரர் வயர் ஒட்டும் டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிவிடுவார். சுற்றிவிட்டு, "இப்ப கரண்ட் பாயாது, தைரியமா வாசி" என்பார்.

வகுப்பில் மற்றதுகளெல்லாம் இருபத்தைந்தைத் தாண்டாத சிறுசுகள். முதல் வாரம் ஆன்ட்டி, மறுவாரம் அக்கா. அங்கே பாடம் நடந்த விதமே வேறு. ஒருத்தர் நோயாளியாக உட்காருவார், இன்னொருத்தர் அவருக்கு வைத்தியம் செய்வார், மற்றவர்கள் பார்த்துப் பிரித்து மேய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரின் மூச்சுக்குத் தாளம் தட்ட வேண்டும். அவர் மூச்சு வேகமானால் நாமும் வேகம். அவரோடு சேர்ந்து ஓடி, பிறகு மெல்ல மெல்ல நாம் குறைத்தால் அவரும் குறைவார். டீச்சருக்கு இது பிடித்திருந்தது. பாடுவதற்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் இன்னும் பிடித்திருந்தது. குரல் அப்படி. அவள் வாயைத் திறந்தால் நடைபாதையில் போகிறவர்கள் கதவோரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு மேற்பார்வையாளராகக் கிடைத்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வெளியே "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மேற்பார்வை அறைக்குள் வந்துவிட்டால் அதே அக்காவை நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். எடுத்ததற்கெல்லாம் "கொஞ்சம் சும்மா இருங்க, என்ன நடக்குதுன்னு பாப்போம்" என்பதால் பிள்ளைகள் அவளுக்கு 'சும்மா மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் வருஷம் மருத்துவமனைப் பயிற்சி. டீச்சருக்கு விழுந்தது பச்சைக் குழந்தைகள் வார்டு. மாதம் நிறையாமல் பிறந்ததுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் இடம். கை கழுவி, மேலங்கி மாட்டி, செருப்பை மாற்றி உள்ளே போனால் வெளியுலகம் அப்படியே அற்றுப்போகும். வெதுவெதுப்பும், ஸ்பிரிட் வாசனையும், மெஷின்களின் பீப் பீப்பும்தான். அங்கே பாட்டு என்பது கிசுகிசுப்புக்கு ஒரு படி மேலே. புருஷன் ஊரையே அலறவைக்கிறவர், பெண்டாட்டிக்குக் கிசுகிசுக்கிற வேலை. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே நடக்கிறதை மட்டும் அவள் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். அந்த விஷயத்தில் வாய்க்குப் பூட்டு, படிப்பின் முதல் விதியே அதுதான்.

ஜன்னலோரப் பெட்டியில் ஒரு பெண்பாப்பா. ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் அம்மா தையல்காரி. புருஷன் லாரியில் தூரதேசம் போயிருந்தான், வர நாளாகும். தனியாக வருவாள், பெட்டிப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வாள்.

"தொட்டா வலிக்குமா டீச்சர்?"

"வலிக்காதும்மா. உங்க கை அதுக்குத் தெரியும். உங்க குரல் இன்னும் நல்லாத் தெரியும். வயித்துக்குள்ள இருந்து கேட்டுட்டே இருந்ததுல்ல?"

"என் குரலா! அது தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி இருக்கும் டீச்சர்."

செய்ய வேண்டிய வேலை இதுதான்: அம்மாவுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்து, தாலாட்டு வேகத்துக்கு இறக்கி, அம்மாவையே குழந்தைக்குப் பாடவைப்பது. டீச்சர் ஆரம்பித்தாள். தையல்காரி கூடச் சேர்ந்தாள். டீச்சர் பாட்டுக்கு நடுவே பாப்பாவின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது, மூச்சு சீரானது, மெஷினில் இதயத்துடிப்பின் எண் இறங்கியது. பெரிய சிஸ்டர் வாயில் கைவைத்துக்கொண்டாள். "என்ன குரல் டீச்சர் இது! நீங்க இல்லாத நேரத்துக்கு என் போன்ல பாடிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? டீச்சர் பாடிக் கொடுத்தாள். பாப்பா முரண்டுபிடிக்கும்போதெல்லாம் சிஸ்டர் போனை எடுத்து மெல்ல ஓடவிட்டாள். பாப்பாவும் அடங்கியது.

அடங்காதது தையல்காரியின் மனசுதான். அது யாருக்குத் தெரிந்தது? அவள் பாட்டு நேரத்துக்கு வருவது குறைந்தது. பாலை மட்டும் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, "தைக்கிற துணி கெடக்கு" என்று போய்விடுவாள். பாவம், வேலை நெருக்கடி என்றே டீச்சர் நினைத்தாள்.

வாராவாரம், அந்த அம்மாவின் சம்மதத்தோடு எடுத்த வீடியோவை மேற்பார்வையில் போட்டுக் காட்ட வேண்டும். டீச்சர் அன்றைக்கு உற்சாகமாகப் போனாள். எண் இறங்கியிருக்கிறது, சிஸ்டர் மெச்சியிருக்கிறாள், வேறென்ன வேண்டும்?

சும்மா மேடம் கம்ப்யூட்டரைத் திறந்து, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தினாள்.

"இன்னிக்கு இப்படிப் பாக்கலாம்."

"பாட்டை சத்தமில்லாமலா? மூக்கைப் பொத்திட்டு விருந்து சாப்பிட்ட மாதிரில்ல இருக்கும்?"

"கொஞ்சம் சும்மா இருங்க அக்கா. அந்தம்மா வாயை மட்டும் பாருங்க."

முதல் வார வீடியோ. தையல்காரியின் உதடு டீச்சரின் உதட்டோடு சேர்ந்து அசைகிறது. சிரித்த முகம். திடீரென்று டீச்சரின் ஆள்காட்டி விரல் மேலே உயர்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே எடு, சுருதி இறங்குது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே விரல். தையல்காரி விரலைப் பார்க்கிறாள், முயற்சி செய்கிறாள். விரல் இறங்கவில்லை. அடுத்த வீடியோவில் உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கடுத்ததில் மூடியிருக்கிறது. கையை மடியில் கோத்து, கச்சேரி கேட்க வந்தவள்போல உட்கார்ந்திருக்கிறாள். பார்வை குழந்தைமேல் இல்லை, டீச்சர்மேல்.

விரல் உயர்ந்தது டீச்சருக்கே தெரியாது. பதினைந்து வருஷப் பழக்கதோஷம்.

"இப்ப அந்தம்மா வர்றாங்களா?"

"பால் குடுக்க வர்றாங்க."

"ரொம்ப அழகாப் பாடறீங்க அக்கா. எனக்கே கண் கலங்குது. ஆனா குழந்தைக்கும் அம்மாவுக்கும் நடுவுல நீங்க போய் உக்காந்துட்டீங்க." மேடத்தின் குரல் தணிந்திருந்தது, சொன்னது தணியவில்லை. "கடைசித் தேர்வுக்கு வெளியிலேர்ந்து ஒருத்தர் வருவார். அன்னிக்கு அந்தம்மா பாடணும், நீங்க இல்ல. இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பயிற்சியை அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து செய்யணும்."

அடுத்த வருஷமா? வீட்டில் அதற்குத் தெம்பு இருக்கிறவர் யார்? இவள் படிப்புக்காக மைக் செட்காரர் வெளியூர் வேலைகளையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு செட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வருஷத்தோடு முடிந்துவிடும் என்ற ஒரே பிடிமானத்தில்தான் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து டீச்சர் கொட்டித் தீர்த்தாள். யார், எவர் என்று சொல்லவில்லை. தன் மூக்குடைந்ததை மட்டும் சொன்னாள்.

"நேத்துப் பொறந்த பொண்ணு! எனக்கு வந்து நான் பாடறது தப்புங்கறா. நான் பாடினா மத்தவங்க பாட மாட்டாங்களாம். எங்கயாவது கேட்டிருக்கீங்களா இந்த அநியாயத்தை?"

மைக் செட்காரர் பருப்பை ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார். மகள்தான் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நம்ம வீட்ல யாராவது பாடிக் கேட்டிருக்கியா?"

"ஏன், நான்..."

"உன்னைச் சொல்லல. வேற யாராவது."

டீச்சர் யோசித்தாள்.

"அப்பா நல்லாப் பாடுவாராம்மா. வேன்ல போறப்ப வழிநெடுகப் பாடிட்டே போவார்னு கடை ஆளுங்க சொல்றாங்க. வீட்ல குளிக்கிறப்பகூட வாயத் தொறக்க மாட்டார்."

"ஏய், சும்மா சாப்பிடு" என்றார் அவர், காது சிவந்துபோய்.

"பொய்யா சொல்றேன்? நான் ஏழாவது படிக்கிறப்பவே நிறுத்திட்டேன். நான் இங்க முணுமுணுத்தா அம்மா சமையக்கட்டுலேர்ந்து சரியான சுருதியைப் பாடிக் காட்டும். திட்டாது, அடிக்காது, பாடித்தான் காட்டும். அதுக்கப்புறம் யாருக்கும்மா பாட வாய் வரும்?"

"நான் அப்படியா செஞ்சேன்?" என்று டீச்சர் புருஷனைப் பார்த்தாள்.

"நீ வேணும்னு செய்யல. குரல் இருக்கறவங்களுக்கு அது தெரியாது" என்றார் மைக் செட்காரர். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். அன்றைக்கு டீச்சருக்கு உடம்பு எரியவில்லை, மனசுதான் வெடித்துவிட்டது. பாட்டால் நிறைந்த வீடு என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டிருந்தாள். அது ஒரே ஒருத்தியின் பாட்டு என்பது உறைக்க, பெற்ற பெண் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். தட்டில் இருந்த சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் முதல் வேலையாகப் பெரிய சிஸ்டரிடம் போய், போனில் இருந்த பாட்டை அழிக்கச் சொன்னாள்.

"என்ன டீச்சர் இது? பாப்பா நல்லாத் தூங்குது. நல்லதை எதுக்குக் கெடுக்கணும்?"

"தூங்கட்டும் சிஸ்டர். அதோட அம்மாகிட்ட தூங்கட்டும்."

"அந்தம்மாதான் வர்றதே இல்லையே."

"நான் இருக்கேன்னுதான் வர்றதில்ல" என்றாள் டீச்சர். சொல்லும்போது நாக்கு கசந்தது.

தையல்காரி பால் கொண்டுவரும் நேரம் பார்த்துப் போய்க் காத்திருந்தாள். கிதாரை உறையோடு சுவரில் சாத்திவைத்தாள். டாக்டரிடம் முன்பே கேட்டு, குழந்தையை எடுத்து அம்மாவின் நெஞ்சோடு வெறும் தோலில் படுக்கவைக்க ஏற்பாடு செய்திருந்தாள். சிஸ்டர் குழாயும் வயருமாகப் பாப்பாவை எடுத்து வைத்தபோது தையல்காரி மூச்சுவிடவே பயந்தாள்.

பாப்பாவும் பதறியது. முகம் சுருங்கி, காற்றே இல்லாத சன்ன அழுகை. மெஷினில் எண் ஏறியது.

"டீச்சர், பாடுங்க. அழுவுது பாருங்க."

டீச்சரின் தொண்டைக்குள் பாட்டு தயாராக வந்து நின்றது. ஒரு வரி, ஒரே ஒரு வரி பாடினால் அந்தப் பிஞ்சு அடங்கிவிடும். எந்தக் கல்நெஞ்சுக்காரியும் பாடியிருப்பாள். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"பாடுங்க டீச்சர்! உங்க குரலைக் கேட்டாத்தான் அது அடங்குது. எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் எதுக்கு? பால் குடுக்கற மாடு நான், அவ்வளவுதானே?" தையல்காரி உடைந்துவிட்டாள்.

டீச்சருக்கும் கண் நிறைந்தது. "நான் தப்புப் பண்ணிட்டேம்மா. உங்களை விரல் காட்டி நிறுத்திட்டேன். இனிமே பாட மாட்டேன். நீங்களும் பாட வேணாம். பேசுங்க. வேலை செய்யறப்ப வாய்க்குள்ள என்ன பேசுவீங்களோ அதைப் பேசுங்க."

"அதை எப்படி இதுகிட்டப் பேசறது? திட்டிட்டே இல்ல தைப்பேன்!"

"திட்டுங்க."

தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு பாப்பாவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். "அந்தத் தடிச்சி வந்தா தெரியுமா... நேத்து அளவு குடுத்தா... இன்னிக்கு இறுக்குதுங்கறா... சட்டை என்னடி செய்யும்... சாப்பாட்டைக் குறைக்கணும்..."

பக்கத்தில் இருந்த சிஸ்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் கிதாரை எடுத்து, தையல்காரியின் மூச்சைப் பார்த்து, ஒற்றைக் கம்பியைக் கேட்டும் கேட்காமலும் தொட்டாள். அவள் மூச்சுவிடுகிற இடத்தில் ஒரு தொடுதல். வேறொன்றும் இல்லை.

"சட்டை என்னடி செய்யும்..." தையல்காரி இன்னொரு தடவை சொன்னாள். கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டது. "சாப்பாட்டைக் குறைக்கணும்..." அதுவும் நீண்டது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. சுருதி என்ற சாமான் அதில் எங்கேயும் இல்லை, வரிக்கு வரி சரிந்துகொண்டே போனது. டீச்சர் அவளை இழுத்துப் பிடிக்கவில்லை. அவள் இறங்கினால் கம்பியையும் இறக்கினாள், அவள் ஏறினால் ஏற்றினாள், போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனாள். ஊரையே தன் சுருதிக்கு இழுத்த கை, அன்றைக்குத்தான் முதல்முதலாக இன்னொருத்தி பின்னால் நடந்தது. விரலுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று விரலைத்தான் கேட்க வேண்டும்.

பாப்பா உடனே அடங்கிவிடவில்லை. அதிசயமெல்லாம் நடக்கவில்லை. அழுதது, நிறுத்தியது, மறுபடி அழுதது. வெகுநேரம் கழித்து, ஒரு கையை விரித்து அம்மாவின் நெஞ்சில் ஒட்டிவைத்துக்கொண்டு தூங்கிப்போனது. தையல்காரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப்பிறகு தினமும் வந்தாள். தடிச்சியோடு, ஊக்கு கேட்டு வருகிறவளும், ஜிப் வைக்கச் சொல்லிவிட்டுப் பட்டன் கேட்கிறவளும் பாட்டில் சேர்ந்தார்கள். வார்டு சிஸ்டர்கள் அந்தப் பக்கம் வரும்போது காதைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டே வருவார்கள். தாலாட்டில் வாடிக்கைக்காரர்களை இப்படி யாரும் வறுத்தெடுத்திருக்க மாட்டார்கள். பாப்பா எடை கூடியது.

தேர்வு நாளன்று வெளியாளும் சும்மா மேடமும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றார்கள். டீச்சர் ஸ்டூலைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். தையல்காரி பாப்பாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் பாடினாள். டீச்சர் தொட்ட கம்பி அவளுக்குக் கேட்டதா என்பதே சந்தேகம். நடுவில் டீச்சர் கையை எடுத்துவிட்டாள். பாட்டு நிற்கவில்லை.

முடிந்தபிறகு தையல்காரி தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் டீச்சர். நாங்களே பாத்துக்கறோம். நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு, முழுசாப் பாட வரல."

"சரிம்மா" என்றாள் டீச்சர். பாப்பாவின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, கிதாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்கு வெளியே சும்மா மேடம் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் மைக் செட்காரர் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டி முகமெல்லாம் கண்ணீராக வருவதைப் பார்த்து வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னாச்சு? பெயிலா? போனாப் போகுது விடு. இன்னொரு வருஷம்தானே, பாத்துக்கலாம்."

"பாஸ்."

"பாஸா? அப்புறம் எதுக்கு இப்படி அழறே?"

"இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டாங்க."

"யாரு, காலேஜ்லயா?"

"இல்லீங்க. நான் பாத்துக்கிட்டவங்க. நான் வேணாமாம்."

மைக் செட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாள் ஓடி ஓடிச் செஞ்சதுக்கு இதுதானா மரியாதை? இரு, நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்."

அழுகைக்கு நடுவே டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாங்க. அந்த வார்த்தையைக் கேக்கத்தாங்க ரெண்டு வருஷம் படிச்சேன்."